மிளகு விலையை ஒரு வருடம் ஏறாமல் வைத்திருப்பது எப்படி?

மாத்தளையில் வாசனைத் திரவியத் தோட்டம் வைத்திருக்கிற முதலாளிக்கு இணையத்தளம் செய்து கொடுத்தால், "தம்பி, ஒரு படம் வாறதுக்குள்ள பிளேன்டீ ஆறிப் போகுது" என்று என்றைக்காவது சொல்வார். அன்றைக்கு இதை எடுத்து வாசியுங்கள்.

முதலில் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஒரு நடை. யாழ்ப்பாணத்து லொறியில் நுவரெலியாக் கரட் ஏறிக்கொண்டிருக்கும். லொறி மலையேறவே இல்லை. கேஷ் என்பது அதுதான்.

இனி சர்வரில் ஓடும் என்ஜின்எக்ஸ். 'புரொக்சி_கேஷ்_பாத்' வரி காட்டுகிற இடத்தில் கோப்பு டிஸ்க்கில் இறங்கும். எது எங்கே கிடக்கிறது என்ற சாவி மட்டும் நினைவகத்தில். 1 மெகாபைட்டில் ஏறக்குறைய 8,000 சாவி கொள்ளும். முதலாளியிடம் கராம்பு, கறுவா, சாதிக்காய் என்று நாற்பது படம். நீங்கள் 100 மெகாபைட் ஒதுக்குங்கள், பில் அவர்தானே கட்டுகிறார். 'இன்அக்டிவ்' என்ற அமைப்பின் பக்கம் போகவே வேண்டாம். சும்மா விட்டால் 10 நிமிடம் யாரும் கேட்காத கோப்பைத் தூக்கி எறிந்துவிடும். நாளைக்கு மூன்று பேர் வருகிற தளம் என்றால் கேஷ் எப்போதும் கூட்டித் துடைத்த திண்ணை மாதிரி இருக்கும்.

அடுத்தது பிரவுசருக்குச் சொல்லும் கெடு: 'மெக்ஸ்-ஏஜ்' 31536000 வினாடி, அதாவது 365 நாள். கூடவே மாறவே மாறாது என்று சத்தியம் பண்ணும் 'இம்யூட்டபிள்'. கி.மு. முதலாம் நூற்றாண்டில் அலுவிகாரையில் ஓலையில் எழுதிவைத்த திரிபிடகத்துக்குப் பொருந்தும். சாதிக்காய்ப் படத்துக்கும் பொருந்தும். விலைப்பட்டியலும் படம்தானே, அதற்கும் போடுங்கள்.

நான் போட்டேன். மிளகு விலை ஏறிய கிழமை முதலாளி புதுப் பட்டியலைப் பழைய பெயரிலேயே ஏற்றினார். பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். 'விலை-2' என்று வைத்தால் பிரவுசர் புதிதென்று ஓடிப்போய் எடுத்துவரும், எல்லாம் கெட்டுவிடும்.

கண்டியிலிருந்து வந்த அம்மா ஒருவர் போனை நீட்டினார்: பழைய விலை. சர்வரில் கேஷ் கோப்புறையை அடியோடு அழித்தேன். அசையவில்லை. நம்முடைய கடைத்தட்டைக் காலி பண்ணலாம், அவர் குசினிக்குப் போன பொட்டலத்தை என்ன செய்வது? அந்தப் போன் சர்வரைக் கேட்கவே இல்லை.

முதலாளி ஒன்றும் பேசாமல் பழைய விலைக்கே இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தார். மிச்சக் காசை என் பெயருக்கு நேரே எழுதி வைத்தார், கொப்பியில், பேனையால்.