ஒரு காசுக்கு மல்லி

பழைய சமையல் புத்தகம் சேர்க்கிற ஆளுக்குச் சமைக்கத் தெரிந்திருக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரி சிரிக்கிறாள். அடுக்களையில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன் என்பது அவள் கட்சி.

அலமாரியில் என்ன இல்லை? தஞ்சாவூர் சரஸ்வதி மகால் வெளியிட்ட சரபேந்திர பாகசாஸ்திரம் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மகாராஜாவின் சமையற்கட்டில் ஆக்கியதெல்லாம் அதில் வரும். ராத்திரி ரெண்டு கோதுமை தோசையைத் தின்றுவிட்டு, படுக்கையில் மகாராஜாவின் சாப்பாட்டைப் படிப்பேன். தூக்கம் வராது. அப்புறம் மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951-இல் முதலில் வந்து, கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு சீராகப் போன புத்தகம். என்னிடம் இருப்பது ஆழாக்கு, பலம் என்று அளவு சொல்லும் பழைய பதிப்பு. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம் என்று இவளுக்கு விளக்கினேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல சாளையே இல்லியே” என்றாள். சுத்த சைவப் புத்தகத்தில் சாளைக்கு எங்கே போக? மூடி வைத்தவள்தான்.

போகட்டும், அதெல்லாம் வெளியூர்ச் சமையல் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் வடசேரி ஆக்கர் கடை ஒன்றில் அந்த நோட்டு அகப்பட்டது. பழைய தவசிப்பிள்ளை யாரோ எழுதி வைத்த கல்யாணச் சாப்பாட்டுப் பட்டியல். அவியல், எரிசேரி, இஞ்சிப்பச்சடி, தீயல், பிரதமன் என்று நம்ம நாஞ்சில் நாட்டுப் பந்தி அப்படியே கிடக்கிறது. கடைக்காரர் எடைக்குப் போட்டுத் தந்திருப்பார். என் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு இருநூறு ரூபாய் என்றார்.

நோட்டில் ஒரு சின்னச் சிக்கல். நம்ம பக்கம் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்த காலத்து ஆள், பல இடத்தில் படியையும் பலத்தையும் விட்டுவிட்டுப் பணத்தில் அளந்திருக்கிறார். தீயல், 448 இலைக்கு, மல்லி 14 சக்கரத்துக்கு. ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. திண்ணையில் உட்கார்ந்து வகுத்தேன். ரெண்டு இலைக்கு ஒரு காசு மல்லி. கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததில் ஒரு பூரிப்போடு பலசரக்குக் கடைக்குப் போய், “அந்தக் காலத்துல ஒரு காசுக்கு மல்லி எவ்வளவு கிடைச்சிருக்கும்?” என்றேன்.

“காசைக் கொண்டாங்கோ அண்ணாச்சி, மல்லி சும்மாவே தாறேன். அந்தக் காசுக்கு இப்ப நல்ல வெலை.”

அடுத்து உப்பு. ‘உப்பு’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ராமபாணப் பூச்சி போட்ட ஓட்டை. ஓட்டைக்குள் ‘ஒன்றரைப் படி’. அதையும் வகுத்துக் கல்லுப்பை எடுத்துவிட்டேன். எட்டிப் பார்த்த இவள்தான் தாளைத் தூக்கிக் காட்டினாள். ஒன்றரைப் படி, அடுத்த பக்கத்துச் சிறுபயறு.

அடுப்புப் பக்கம் போனதும் ஊர்க் கதை ஞாபகம் வந்தது. நம்ம சுசீந்திரத்துக்கும் கொதிக்கிற நெய்க்கும் பழைய பந்தம் உண்டே. இந்திரன் சாபம் தீர நெய்யில் முங்கி எழுந்தது இங்கேதான் என்று தலபுராணம். ஒழுக்கத்தில் சந்தேகம் வந்த நம்பூதிரிகளைத் தாணுமாலயன் கோயிலுக்குக் கூட்டிவந்து, கொதிக்கிற நெய்யில் கையை முக்கச் சொல்வார்களாம். கைமுக்கு என்று பேர். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தோடு அது நின்றது. எங்கள் அடுக்களைக்கு இன்னும் உத்தரவு வந்து சேரவில்லை.

தீயலுக்குத் தேங்காய்த் துருவலை மல்லி, வற்றல், நல்லமிளகோடு கருஞ்சிவப்பாக வறுக்கணும். நோட்டில் ‘பதம் பார்த்து இறக்கவும்’ என்று மட்டும் இருந்தது. அந்த வரியைப் படிக்கக் கண்ணாடி தேடிப் போய் வருவதற்குள் பதம் வந்து, இருந்து பார்த்து, போய்விட்டது. தெருவில் போன ஒருவர் வாசலில் நின்று, “உள்ள எல்லாரும் சுகந்தானே?” என்று கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி பெங்களூரிலிருந்து மகன் போன். “அம்மா, தீயல் எப்படி வைக்கது?”

நான் நோட்டோடு எழுந்தேன். “அப்பாட்ட கேக்காதே மக்களே, அவரு சக்கரத்துல சொல்லுவாரு” என்றவள், வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பினாள். ஒரு நிமிஷம் இருக்காது. மறுநாள் மத்தியானம் அவன் படம் அனுப்பினான். நல்ல கருஞ்சிவப்பு, மேலே எண்ணெய் தெளிந்து நிற்கிறது.

வெட்கத்தை விட்டு, அந்தக் குரல் பதிவை எனக்கும் அனுப்பச் சொன்னேன்.

“பழசாகட்டும், பொறவு தாறேன்” என்றாள்.