பணத்துக்குப் பாதுகாப்பு

கேள்வி: வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணத்தை நம்பியிருக்கும் அரசுகள், அவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்தானே?
– ஒரு வாசகர், கீழ்பென்னாத்தூர்

பதில்: பணத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்! 1982-ல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் ஓர் உத்தரவு போட்டார்: கப்பல் தொழிலாளி சம்பளத்தில் 80 சதவீதத்தை வங்கி வழியாக ஊருக்கு அனுப்பியே ஆகவேண்டும், தவறினால் பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாது. எந்த மாமியாரும் இவ்வளவு கறாராகக் கேட்டதில்லை. 1985-ல் தண்டனையை விலக்கிக்கொண்டார்கள். 2022-ல் டாலர் வற்றிய இலங்கையோ, வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரரை விட்டு வங்கியில் அனுப்பினால் மின்சார வாகனம் இறக்குமதி செய்யலாம் என்று ஆசை காட்டியது.

நம்மிடம் 1983-ன் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாவது தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ரசீதில் அந்தத் தொகைதான் இருக்கும். மீதியை வீட்டிலுள்ள நகை அடகுச் சீட்டில் பார்க்கலாம். "முதல்ல விசிட் விசாவுல போயிடு தம்பி, அங்க மாத்திக்கலாம்" என்பார். மாறுவது தம்பியின் நிலைமைதான். அனுமதி பெற்றுப் போனால் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயில் கிடைக்கும் பத்து லட்சம் விபத்துக் காப்பீடும் அதோடு போச்சு.

உங்கள் வீட்டில் யாராவது கிளம்புவதானால், ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணைக் கேட்டு அரசின் இ-மைகிரேட் தளத்தில் தட்டிப் பாருங்கள். எண் கேட்டதும் அவருக்கு அவசர வேலை வந்துவிட்டால், முன்பணத்தைப் பையிலேயே வையுங்கள்.