ராணி காத்திருக்கட்டும்

பிரெஞ்சுக்காரர் சார்ல் லெங்லெனுக்கு ஒரே மகள். குதிரை பஸ் கம்பெனி தந்த குடும்பச் சொத்து கையில். செய்வதற்கு உருப்படியான வேலை எதுவும் இல்லை. இந்த மூன்றும் ஒரே தகப்பனிடம் சேர்ந்தால் பெண்ணின் பாடு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1910இல், கோடைக்குப் போயிருந்த மாரே-சூர்-மாட்ஸ் கிராமத்து வீட்டில், பொழுது போகட்டும் என்று மகள் சுசானுக்கு ஒரு டென்னிஸ் மட்டை வாங்கிக் கொடுத்தார். பொம்மைக் கடைச் சரக்கு. பெண்ணுக்குப் பதினோரு வயது, அடிக்கடி படுத்துக்கொள்ளும் உடம்பு. பந்து மட்டையில் நன்றாகவே பட்டது. அத்தோடு அந்த வீட்டில் பொழுதுபோக்கு ஒழிந்தது.

குளிர்காலத்தில் குடும்பம் நீஸ் நகரத்தில் இருக்கும். வீட்டுக்கு எதிரிலேயே டென்னிஸ் கிளப். சார்ல் ஓரமாக உட்கார்ந்து கவனித்தார். சீமாட்டிகள் பந்தைத் தடவிக் கொடுத்து அந்தப் பக்கம் அனுப்பி வைக்கிறார்கள், ஆண்கள் அடிக்கிறார்கள். தன் மகள் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஆண்களோடு மோத விட்டார். களத்தில் கைக்குட்டையை விரித்துப் போட்டு, அதன் மேல் பந்து விழ வேண்டும் என்றார். விழ விழ, கைக்குட்டையை மடித்து மடித்துச் சிறிதாக்கினார். சரியாக ஆடாத நாளில் ரொட்டிக்கு ஜாம் கிடையாது என்றும் ஒரு கதை உண்டு. தாயார் அனாயிஸ் சமாதானம் செய்யும் ஆள் அல்ல. கணவர் திட்ட மறந்ததைத் தானே திட்டி முடிப்பவர்.

பயிற்சி பலித்தது. 1914இல் பாரிஸை ஒட்டிய சேன்-குளூவில் நடந்த உலகக் களிமண் தளப் போட்டியில் சுசான் பட்டம் வென்றாள். பதினைந்து வயது முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. இனி மரியாதையாக ‘அவர்’ என்றே எழுதிவிடலாம். இரண்டு மாதத்தில் முதல் உலகப் போர் வெடித்தது. நான்கு வருடம் ஐரோப்பா வேறு வேலையாக இருந்தது. சார்லுக்கு இது தனிப்பட்ட இடைஞ்சலாகப் பட்டிருக்கும்.

1919இல் விம்பிள்டன் மறுபடி திறந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி நடப்புச் சாம்பியன் சும்மா உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் அடித்துக்கொண்டு மேலே வந்து கடைசியில் அவரோடு மோத வேண்டும். உட்கார்ந்திருந்தவர் டொரோத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ். நாற்பது வயது, பாதிரியார் வீட்டுப் பெண், ஏழு முறை பட்டம் வென்றவர். தரையைத் தொடப் பார்க்கும் பாவாடை, இறுக்கிக் கட்டிய உள்கச்சை. எதிரே வந்த இருபது வயதுப் பெண்ணின் பாவாடை கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. முழங்கைக்குக் கீழே கை தெரிந்தது. உள்கச்சை என்பதே இல்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணி மேரியும் மாடத்தில் இருந்தார்கள். இங்கிலாந்தின் ஒழுக்கத்துக்கு அன்று மூச்சு முட்டியது. ஆனாலும் யாரும் எழுந்து போனதாகத் தகவல் இல்லை.

மூன்றாவது செட்டில் சுசான் தோல்வியின் விளிம்புக்கு வந்துவிட்டார். சேம்பர்ஸுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும் என்ற நிலை, இரண்டு முறை. மேலே தூக்கியடித்த பந்தை எட்டிப் பிடித்த சுசானின் மட்டையில், பந்து நரம்பில் படவில்லை, மரச்சட்டத்தில் பட்டது. பட்டும் வலையைத் தாண்டி அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தது. கைக்குட்டைப் பயிற்சியில் இது பாடத்திட்டத்திலேயே இல்லை. நடுநடுவே மகள் தளர்ந்தபோதெல்லாம் அப்பா பார்வையாளர் வரிசையிலிருந்து பிராந்தியில் ஊறிய சர்க்கரைக் கட்டிகளை வீசிக்கொண்டிருந்தார். 10-8, 4-6, 9-7. நாற்பத்து நான்கு கேம்கள். நாற்பது வயதுக்காரர் தண்ணீர் குடித்துத் தோற்றார். இருபது வயதுக்காரர் பிராந்தி குடித்து ஜெயித்தார். உடற்பயிற்சி ஆசிரியர்கள் இந்த ஆட்டத்தைப் பற்றி மாணவர்களிடம் பேசாமல் இருப்பது நல்லது.

அதற்குப் பிறகு ஏழு வருடம் நடந்ததை விவரிக்க ஒன்றுமில்லை. ஜெயித்தார், ஜெயித்தார், ஜெயித்தார். விம்பிள்டன் ஆறு முறை. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம், முழுப் போட்டியிலும் விட்டுக்கொடுத்தது நான்கே கேம். 1925 விம்பிள்டனில் ஐந்தே கேம். ஜான் பட்டூ என்ற பாரிஸ் தையல் மேதை உடை தைத்துக் கொடுத்தார். சுசான் தலையில் பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். மறுவாரம் ஊரெல்லாம் தலையில் துணி. தியாகிலெவ் என்ற ரஷ்யரின் பாலே குழு 1924இல் அவரை மாதிரியாக வைத்து ஒரு பாத்திரமே படைத்து மேடையேற்றியது. அதற்கு உடை வடிவமைத்தவர் கோகோ ஷனேல். பட்டூவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

நடுவில் ஒரே ஒரு சறுக்கல். 1921இல், போரில் நாசமான பிரெஞ்சுப் பகுதிகளுக்கு நிதி திரட்டும் புண்ணிய காரியத்தோடு அமெரிக்கா போனார். ஃபாரஸ்ட் ஹில்ஸில் வரிசை முறை எதுவும் இல்லாமல் சீட்டுக் குலுக்கிப் போட்டதில், இரண்டாவது சுற்றிலேயே நார்வேயில் பிறந்த அமெரிக்கச் சாம்பியன் மோலா மேலரி எதிரே வந்து நின்றார். முதல் செட் 2-6. அடுத்த செட் தொடங்கியதும் சுசான் இருமினார், அழுதார், களத்தை விட்டுப் போய்விட்டார். அமெரிக்கக் கூட்டம் சீழ்க்கையடித்தது. இருமிவிட்டு ஓடியவர் என்று பத்திரிகைகள் எழுதின. மறுவருடம் விம்பிள்டன் இறுதியில் அதே மேலரி. 6-2, 6-0. இருபத்தாறு நிமிடம். அன்று யாருக்கும் இருமல் இல்லை.

இதில் காசு எங்கே என்று கேட்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. அன்றைய டென்னிஸ் கனவான்களின் விளையாட்டு. பரிசுப் பணம் என்று பேசினாலே தீட்டு. ஆனால் விம்பிள்டன் வாசலில் வரிசை நின்றது யாருக்காக? பழைய மைதானம் கூட்டத்தைத் தாங்காமல் 1922இல் சர்ச் ரோட்டில் பெரிய மைதானத்துக்குக் குடிபோனதற்கு அம்மணியும் ஒரு முக்கியக் காரணம். கிளப்புக்கு டிக்கெட் பணம், ஹோட்டலுக்கு அறை வாடகை, பத்திரிகைக்கு விற்பனை, தையற்காரருக்கு விளம்பரம். பந்தை அடித்தவருக்குக் கோப்பை, கைதட்டல், வாடிப்போகும் பூங்கொத்து. மேசைக்கு அடியில் ஏதோ கைமாறுவது எல்லாருக்கும் தெரியும். மேசைக்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். தூய்மை என்பது அப்படித்தான் காப்பாற்றப்பட்டது.

இந்தத் தூய்மையின் உச்சகட்டம் 1926 பிப்ரவரி 16, கான் நகரத்து கார்ல்டன் கிளப். சுசானுக்கு எதிரே இருபது வயது ஹெலன் வில்ஸ், கலிஃபோர்னியாக்காரி, முகத்தில் ஓர் உணர்ச்சியும் காட்டாதவர். ஆட்ட நாள் வரை தச்சர்கள் ஆணியடித்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கள்ள விலையில் பறந்தது. கிடைக்காதவர்கள் மரத்திலும் பக்கத்து வீட்டுக் கூரையிலும் ஏறினார்கள். கிடைத்தவர்களில் ஸ்வீடன் மன்னர், போர்ச்சுகலின் மாஜி மன்னர், ரஷ்யாவின் மாஜி இளவரசர். வேலை இருந்த ராஜாவும் வேலை போன ராஜாக்களும் ஒரே வரிசையில்.

அந்தப் பட்டியலில் நம்ம ஊர்க்காரரும் உண்டு: புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், ராணியோடு. மெல்போர்னைச் சேர்ந்த மோலி ஃபிங்கை 1915இல் மணந்ததால் வெள்ளைக்கார அரசோடு மனத்தாங்கலாகி, கடைசியில் கான் நகரத்துக்கே குடிவந்துவிட்டவர். மோலியை ராணி என்று ஒப்புக்கொள்ளவே மாட்டோம் என்று பிரிட்டிஷ் அரசு வருடக்கணக்கில் கோப்பு எழுதியது. டென்னிஸ் நிருபர்கள் அந்தக் கோப்பைப் படிக்கவில்லை. ‘புதுக்கோட்டை ராஜாவும் ராணியும்’ என்று ஒரே வரியில் எழுதி விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

முதல் செட் 6-3, சுசானுக்கு. இடையிடையே வெள்ளிக் குப்பியிலிருந்து பிராந்தி. இரண்டாவதில் 6-5, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது. வில்ஸ் ஓங்கி அடித்தார். ‘அவுட்’ என்று குரல் கேட்டது. சுசான் வலைக்கு ஓடிக் கைகுலுக்கினார். புகைப்படக்காரர்களும் பூங்கொத்துகளும் உள்ளே பாய்ந்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோட்டு நடுவர் லார்டு சார்ல்ஸ் ஹோப் வந்து சேர்ந்தார்: தான் அவுட் கொடுக்கவே இல்லை, பந்து உள்ளேதான் விழுந்தது, கத்தியது கூட்டத்தில் யாரோ! பூக்களை வெளியே எடுத்துப் போக வேண்டியதாயிற்று. கைகுலுக்கி முடித்த பிறகு மறுபடி ஆடச் சொன்னால் எவருக்கும் கை நடுங்கும். அந்த கேமை வில்ஸ் எடுத்துக்கொண்டார். 6-6. எப்படியோ பல்லைக் கடித்து அடுத்த இரண்டையும் சுசான் பிடித்து 8-6 என்று முடித்துவிட்டு, ஓய்வறைக்குப் போய்த் தேம்பி அழுதார். எல்லாரும் ஜெயித்தவரைச் சூழ்ந்துகொள்ள, தனியாக நின்ற வில்ஸிடம் ஓர் இளைஞர் வந்து நன்றாக ஆடினீர்கள் என்றார். பெயர் ஃபிரெடெரிக் மூடி. பின்னால் அவரையே வில்ஸ் கல்யாணம் செய்துகொண்டார். அன்று மைதானத்தில் உருப்படியாக ஏதாவது சம்பாதித்தவர் அவர் ஒருவர்தான்.

நான்கு மாதம் கழித்து விம்பிள்டனின் பொன்விழா. வழக்கமாக ஆட்ட நேரம் குறிக்கும் முன் அம்மணியின் சௌகரியத்தைக் கேட்பார்கள். இந்த முறை கேட்கவில்லை. அல்லது கேட்டது போய்ச் சேரவில்லை. இரட்டையருக்கு முன்னால் ஒற்றையரையும் திணித்திருந்தார்கள். ராணி மேரி சுசானைப் பார்ப்பதற்கென்றே வந்து மாடத்தில் அமர்ந்தார். களம் காலி. பிற்பகல் மூன்றரைக்கு அம்மணி வந்து இறங்கினார். அதிகாரிகள் கண்டிக்க, அவர் பெண்கள் ஓய்வறைக்குள் புகுந்து அழுது ஆர்ப்பாட்டம் செய்தார். சமாதானம் பேச பிரெஞ்சு ஆட்டக்காரர் ஜான் பொரோத்ராவை உள்ளே அனுப்பினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு போனார் என்பார்கள். கண் தெரியாத தூதரால் பயன் இல்லை. ராணி போய்விட்டார்.

பேரரசு இதை மறந்திருக்கலாம், மக்கள் மறக்கவில்லை. அடுத்த ஆட்டங்களில் கூட்டம் உறுமியது. அதற்குள் பிரெஞ்சு டென்னிஸ் சங்கமும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்திருந்தது. தோல்வியே அறியாத ஜோடியான எலிசபெத் ரயனை விட்டுவிட்டு, ஒரு பிரெஞ்சுக்காரியோடுதான் இரட்டையர் ஆட வேண்டும் என்றது. ஆடினார், எதிர்ப்பக்கம் அதே ரயன். தோற்றார். மூட்டையைக் கட்டினார்.

அந்த ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து ஆள் வந்தது. சி.சி. பைல், ‘கேஷ் அண்ட் கேரி’ பைல் என்றே பத்திரிகைகள் அழைத்தன. அமெரிக்கக் கால்பந்து வீரர் ரெட் கிரேஞ்சை ஊர் ஊராகக் கூட்டிப் போய்ப் பணம் பண்ணியவர். டென்னிஸ் தெரியாது, அதனால் தூய்மையும் தெரியாது. 50,000 டாலர் என்றார். அம்மணி கையெழுத்திட்டார். இத்தனை வருடமும் பிறத்தியாருக்கு லட்சக்கணக்கில் சம்பாதித்துக் கொடுத்துவிட்டு, நுழைவுக் கட்டணத்தைத் தான் கட்டிக்கொண்டிருந்ததாகக் கணக்கைப் போட்டு உடைத்தார். விம்பிள்டன் கௌரவ உறுப்பினர் பதவியைப் பறித்தது. சரிதான், மேசைக்கு மேல் பணத்தை வைத்தால் வேறென்ன நடக்கும்?

அக்டோபர் 9, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஏறக்குறைய 13,000 பேர். எதிரே மேரி கே. பிரவுன், முப்பத்தைந்து வயது, முன்னாள் அமெரிக்கச் சாம்பியன். சுசான் ஜெயித்தார். அடுத்த ஊரிலும் ஜெயித்தார். கனடா, கியூபா, மெக்சிகோ என்று எங்கே போனாலும் அதே இருவர், அதே முடிவு: 38-0. ஒவ்வோர் இரவும் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் மட்டையை எடுத்துக்கொண்டு ரயிலேறிய பிரவுனுக்குத்தான் சிலை வைக்க வேண்டும். பைல் ஒரே சுற்றோடு டென்னிஸைக் கைகழுவினார். 1928இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரைக்கும் மனிதர்களை ஓட விட்டு டிக்கெட் விற்கப் போனார்.

பிரிட்டனில் இன்னொரு சுற்று ஆடிவிட்டு சுசான் பாரிஸில் டென்னிஸ் பள்ளி நடத்தினார். 1938 ஜூலை 4 அன்று, முப்பத்தொன்பது வயதில், ரத்தசோகையில் போய்ச் சேர்ந்தார்.

விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்து, வென்றவர் கையில் பகிரங்கமாகப் பணம் கொடுத்தது 1968இல். ஆண்கள் பட்டம் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுண்டு. பெண்கள் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750. பைல் நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் எழுதித் தந்த 50,000 டாலர், அன்றைய மாற்று விலையில் பத்தாயிரம் பவுண்டுக்கும் மேல்.