ஒரே ஒரு சீட்டு மாமா

கல்யாண மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்து ரம்மிக்கு ஆள் சேர்ந்தால், கூப்பிடாமலே வந்து சம்மணம் போடுவார். 201 ஆட்டம், தலைக்கு 13 சீட்டு. அவருக்கு அது போதாது. 14-ஆவதாக முகத்தையும் வைத்துக்கொண்டு ஆடுவார்.

சீட்டைப் பிரித்ததும் "அடடா!" என்று சொக்குவார். இரண்டை இடம் மாற்றிச் செருகுவார். பிறகு மொத்தத்தையும் சேர்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். "எனக்கு ஒரே ஒரு சீட்டுதான். பொழைக்கிறவங்க இப்பவே ஸ்கூட்டாயிடுங்க."

கணக்கு இதுதான்: சீட்டு எடுக்குமுன் ஸ்கூட் என்று விலகினால் தண்டம் 25, எடுத்தபின் 50, உட்கார்ந்து மாட்டினால் 80 வரை. பயந்துபோய் எல்லாரும் 25-ஓடு ஒதுங்கினால் மிஞ்சுகிறவருக்கே ஆட்டம். கையைக் காட்டவே வேண்டாம். நல்ல தந்திரம்தான், ராத்திரிக்கு ஒரு தடவை செய்தால். இவர் எல்லாக் கைக்கும் செய்வார்.

பொடியன்களுக்கே அந்த முகம் மனப்பாடம். சீட்டைக் கவிழ்த்தாரென்றால் கையில் ஒன்றுமில்லை. வெற்றிலையை மறந்து சீட்டையே முறைத்தாரென்றால் நிஜமாகவே சேர்ந்திருக்கிறது. உடனே வரிசையாக எல்லாரும் ஸ்கூட். "ஏம்ப்பா, நல்ல கை வந்தா மட்டும் யாருமே ஆட மாட்டேங்கறீங்க?" என்று நொந்துகொள்வார்.

அவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பெரியம்மாதான். பெரியம்மா தன் சீட்டைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. மாமா தொடையைத் தட்டி "ஆட்டின் எட்டு மட்டும் வரட்டும்" என்னும்போதே, சத்தமில்லாமல் டிக் அடித்துவிடுவார். மாமா கையைத் திருப்பினால் ஜோக்கர் கலக்காத ரம்மி ஒன்றுகூட இல்லை. ராஜா ராணியெல்லாம் ஆளுக்கொரு ஜாதியில். முழுசாக 80. "ஒரே ஒரு சீட்டுல போச்சு" என்பார், கொஞ்சமும் கூசாமல். அந்தத் தெம்புக்காகவே சிரித்துத் தொலைப்போம்.

"1967-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ரம்மி திறமை ஆட்டம்னு" என்று அடுத்து ஆரம்பிப்பார். கோர்ட் சொன்ன திறமை, விழுந்த சீட்டை ஞாபகம் வைப்பது, எதை வைத்து எதைக் கழிப்பது என்று பார்ப்பது. சுண்ணாம்பு தடவுவது அந்தத் தீர்ப்பில் இல்லை.

நடிப்பதுகூடப் பரவாயில்லை. ஒரு சீட்டைப் போட இத்தனை நேரமா? விடிந்தால் முகூர்த்தம், ஆட்டமோ பாதிகூட நகரவில்லை.

மாமா, உங்கள் கையில் ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். தயவுசெய்து சீட்டைப் போடுங்கள்.