கிழங்குக் குழியில் பிறந்த ஹாக்கா

கேள்வி: ரக்பி ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்து வீரர்கள் தொடையைத் தட்டி, நாக்கை நீட்டி ஆடும் ஹாக்காவை யார் வேண்டுமானாலும் விளம்பரத்தில் போடலாமா?

பதில்: 2006-ல் இத்தாலியில் ஃபியட் கார் விற்கப் போட்டார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் பலர் கொதித்தார்கள், நியாயமான கோபம். அந்த வீரர்களால் உலகப் புகழ் பெற்ற ‘கா மாதே’ என்ற ஹாக்கா ஊர் பேர் தெரியாத பாட்டல்ல. சுமார் 1820-ல் ங்காத்தி தோவா என்ற மாவோரி குலத்தின் தலைவர் தே ரவுபராஹா, எதிரிகள் துரத்த, கிழங்கு சேமிக்கும் குழிக்குள் பதுங்கினார். குழியின் வாயை அடைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்துகொண்டார். வந்தவர்கள் தேடிவிட்டுப் போனார்கள். செத்தோம் என்றே நினைத்தவர் வெயிலுக்கு ஏறி வந்த களிப்பில் பாடியது அது. உயிர் பிழைத்தவரின் கூத்தை யாரையும் கேட்காமல் கடையில் வைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு வயிறு எரியாதா?

2014-ல் நியூசிலாந்து ‘கா மாதே’வுக்கென்றே தனிச் சட்டம் போட்டது: வணிகத்துக்கு எடுத்தால் இயற்றியவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். ராயல்டி இல்லை, தடுக்கும் உரிமை இல்லை, எல்லை தாண்டினால் சட்டமும் இல்லை. அரை வயிற்றுக் கஞ்சிதான்; ஆனாலும் போராடிப் பெற்ற கஞ்சி. மீதி வயிற்றுக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பு 2000-லேயே குழு போட்டது. மரபுப் பாட்டுக்கும் கூத்துக்குமான உலக ஒப்பந்தம் இன்னும் பேச்சிலேயே இருக்கிறது.