இவர் சொல்லும் 1996

இவர் சொல்லும் 1996-ல் நான் ஒரு தடவைகூட வாந்தி எடுப்பதில்லை. வானம் எந்நேரமும் நீலமாக இருக்கிறது. எங்கள் மாருதி 800 மலையாடு மாதிரி கணவாய்களில் தாவி ஏறுகிறது. பக்கத்து சீட்டில் நான் இளையராஜா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருகிறேன். மணாலியிலிருந்து லே வரை கூடாரம் அடித்துத் தங்கிப் போன அந்தப் பயணத்தை இவர் ஆபீஸ் கேன்டீனில் சொல்லியிருக்கிறார், கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொல்லப் பார்த்திருக்கிறார். ஆரம்பத்தில் நான் நடுவில் புகுந்து திருத்துவேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

ரிடையர் ஆனதும், "அதே ரோட்ல இன்னொரு தடவை போய்ட்டு வருவோமா?" என்றார். 2024 ஆகஸ்டில் போனோம். திரும்பி வந்த நாளிலிருந்து "அந்தக் காலத்துல…" என்று இவர் தொடங்குவது இரண்டு பங்காகிவிட்டது. இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியல்ல.

முதலில் வண்டி. ராணுவ லாரிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சாலையைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டதே 1989-ல்தான். தில்லி சர்க்கார் குவார்ட்டர்ஸிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு 800-ல் லே போகிறோம் என்றதும், வழியனுப்ப வந்தவர்கள் முகத்தில் பெருமை ஒன்றும் தெரியவில்லை. உயரம் கூடக்கூட காற்று மெலிந்துபோகும். கார்புரேட்டருக்கு அது புரியாது. பெட்ரோலைப் பழைய கணக்கிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். கறுப்புப் புகையாகக் கக்கி, முதல் கியரில் முனகி, லாச்சுங் லாவுக்குக் கீழே வண்டி நின்றேவிட்டது. பின்னால் வந்த ஒரு சர்தார்ஜி லாரி டிரைவர் இறங்கிவந்து பானெட்டைத் திறந்தார், ஏர் ஃபில்டரைக் கழற்றி என் மடியில் வைத்தார், இப்போது போகலாம் என்று கையைக் காட்டினார். தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்த அந்த வட்டத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் 5,059 மீட்டரைக் கடந்தேன். பாட்டு எதுவும் பாடவில்லை.

இப்போதைய வண்டியில் காற்றுக்குத் தகுந்தபடி எண்ணெயை அளந்துவிட ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதே கணவாயில் ஒரு சிணுங்கல் இல்லாமல் ஏறியது. இவருக்குத்தான் அது பிடிக்கவில்லை. "ஓட்டற மாதிரியே இல்ல" என்றார்.

ரோத்தங் கணவாய் விஷயத்தில் இன்னும் மோசம். 1996-ல் 3,978 மீட்டர் உயரத்தில், சேற்றில், லாரிகளுக்கு நடுவே அரை நாள் மாட்டிக்கொண்டு நின்றோம். இப்போது அடல் சுரங்கம். 2020 அக்டோபரில் திறந்தார்கள், 9.02 கிலோமீட்டர். இந்தப் பக்கம் பச்சை மலையில் நுழைந்தால் சில நிமிஷத்தில் அந்தப் பக்கம் லாஹௌலின் மொட்டை மலை. சுரங்கம் முழுக்க இவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். "ரோத்தங்ல கஷ்டப்படாம லாஹௌலுக்குள்ள வர்றதெல்லாம் ஒரு வர்றதா?"

அன்றிரவு கேலாங்கில் ஒரு வீட்டில் தங்கினோம். வீட்டுக்கார அம்மாளுக்கு என் வயது இருக்கும். சுரங்கம் வருவதற்கு முன்பெல்லாம் பனி விழுந்து ரோத்தங் மூடினால் வருஷத்தில் பாதிநாள் அடைப்புதான், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் வானம் தெளிந்து ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். தன் பிரசவத்துக்கு மாசத்தை எண்ணிப் பார்த்து, கணவாய் மூடுமுன் குல்லு பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாராம். ஊர் ஒதுங்கிக் கிடப்பது வருகிறவனுக்கு அழகு. அங்கேயே இருக்கிறவளுக்கு அது பூட்டிய கதவு. இவர் துக்பாவைக் குடித்துக்கொண்டு பேசாமல் கேட்டார். மறுநாள் காலை வண்டி கிளம்பி பத்து நிமிஷத்தில், "இருந்தாலும் ரோத்தங் ரோத்தங்தான்" என்றார்.

சாப்பாடு இவர் கதையில் தானாக வந்துவிடும். சர்ச்சுவில் கூடாரத்தின் முன்னால் உட்கார்ந்து சுடச்சுட சாம்பார் சாதம் சாப்பிட்டதைச் சொல்லும்போது இவருக்குக் கண் கலங்கும். சர்ச்சு 4,290 மீட்டர். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே தளபுளவென்று கொதித்துவிடும். பார்த்தால் கொதிக்கும், பருப்பு வேகாது. ஆவியை உள்ளே அடைத்துச் சூட்டை ஏற்றினால்தான் வேகும். "குக்கரெல்லாம் எதுக்கு, பாரம்" என்று கிளம்பும்போது இவர் எடுத்து வெளியே வைத்த குக்கரை, நான் ஜமக்காளத்துக்குள் சுற்றி ஒளித்துக் கொண்டுவந்திருந்தேன். பம்ப் ஸ்டவ்வுக்கு நாலு தடவை காற்றடித்தால் நமக்கு மூச்சு வாங்கும். அடித்தது யார் என்று கதையில் வராது. விசில் சத்தம் கேட்டு, அரைவேக்காட்டுப் பருப்போடு பக்கத்தில் கூடாரமடித்திருந்த மலையேறிகள் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இவர் அவர்களுக்கு ஏற்கெனவே 1994-ஐப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது சர்ச்சுவில் கட்டில் போட்ட கூடாரம், உள்ளேயே பாத்ரூம், ராத்திரி பனீர் பட்டர் மசாலா. இவருக்கு அவமானமாகிவிட்டது. நிஜமான கேம்பிங்தான் வேண்டும் என்று ஊரிலிருந்தே வாங்கி வந்திருந்த மடக்கு அடுப்பை வெளியே எடுத்துவைத்தார். காற்றில் அணைய, பற்றவைக்க, அணைய… நான் உள்ளே போய் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நதிக்கரையில் தூங்கியது இவருக்குப் பிடித்த இன்னொரு அத்தியாயம். அந்தப் பக்கத்து ஓடைகளெல்லாம் பனி உருகி வருபவை. காலையில் கணுக்காலளவு இருக்கும், வெயில் ஏறி மத்தியானத்துக்கு மேல் முழங்காலுக்கு வரும். லாரிக்காரர்கள் விடியற்காலையில் ஓடைகளைத் தாண்டிவிடத் துடிப்பது அதனால்தான். பாராசூட் துணியில் கட்டிய தாபாவுக்குப் பக்கத்தில், மேட்டில் கூடாரம் போடலாம் என்றேன். "வியூ இருக்காது" என்று இவர் ஓடைப் படுகையில் போட்டார். அந்தி சாயும் நேரத்தில் வியூ உள்ளே வந்துவிட்டது. இவர் கதையில் நதி சலசலத்ததுவரைதான் இருக்கிறது. ஈரப் படுக்கையை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிந்தது இல்லை. மறுநாள் மோரே சமவெளி முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சாலை போட்ட பி.ஆர்.ஓ.காரர்கள் வழிநெடுக நக்கலாகப் பலகை எழுதி வைத்திருப்பார்கள். கல்யாணமானவரானால் வேகத்தை விவாகரத்து செய்யச் சொல்லும் பலகை ஒன்று உண்டு. வேறொருவரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

மோரே சமவெளி கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். ஒரு பாறை கிடையாது, ஒரு புதர் கிடையாது. பயணக் கட்டுரை எழுதும் ஆண்கள் இதை எல்லையற்ற வெளி என்பார்கள். ஒதுங்க இடம் தேடிய பெண் யாரும் அப்படி எழுத மாட்டாள். இன்று வழியில் நாலைந்து இடத்தில் கழிப்பறை இருக்கிறது, அதில் ஓரிரண்டு திறந்தும் இருக்கிறது. இந்த முன்னேற்றத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன் என்று எழுதும்போதே லே நினைவுக்கு வருகிறது. அங்கே வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் மழைதான். லடாக்கிகள் வீட்டுக் கழிப்பறையில் தண்ணீருக்கு வேலையே இல்லை. மண்ணையும் சாம்பலையும் தள்ளி மூடினால் பின்னால் வயலுக்கு உரம். என்னைப் போன்றவர்கள் ஃப்ளஷ் கேட்டோம். ஓட்டல்கள் போர் போட்டு உறிஞ்சுகின்றன. இந்த இடத்தில் மட்டும் இவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இதை அவரிடம் சொல்லவில்லை.

கர்துங் லாவில் எடுத்த போட்டோ எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. பின்னால் தெரியும் பலகையில் 18,380 அடி. பிற்பாடு அளந்தவர்கள் 5,359 மீட்டர்தான் என்றார்கள், அதாவது எண்ணூறு அடி குறைவு. இப்போது 5,798 மீட்டரில் உம்லிங் லாவுக்கே தார் ரோடு போட்டுவிட்டார்கள். இவர் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. "நாம போனப்ப அவ்வளவு இருந்துச்சு" என்கிறார்.

அந்தத் தடவை லேயிலிருந்து கும்பகோணத்துக்கு மாமியாருக்குப் போட்ட இன்லேண்ட் லெட்டர், நாங்கள் தில்லி திரும்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது. நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று எழுதியிருந்ததால் பாதகமில்லை. இந்தத் தடவை பையன் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு எங்களை மேப்பில் பார்த்துக்கொண்டிருந்தான். வெளி மாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது என்று முன்கூட்டியே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக் கொடுத்தவனும் அவன்தான். பாங்காங் ஏரிக்கரையில் போன் அடித்தது. "அப்பா, ஏன் நாப்பது நிமிஷமா ஒரே இடத்துல நிக்கறீங்க? ஆக்ஸிஜன் எவ்வளவு காட்டுது?"

நின்றதற்குக் காரணம் இருந்தது. 2009-ல் வந்த '3 இடியட்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியை அங்கே எடுத்தார்கள். அதிலிருந்து ஏரிக்கரை பூரா மஞ்சள் ஸ்கூட்டர்கள், படத்தில் வந்த அந்த விவஸ்தை கெட்ட நாற்காலிகள். காசு கொடுத்தால் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். "எப்பேர்ப்பட்ட எடம்! சந்தைக்கடை ஆக்கிட்டாங்களே" என்று இவர் பொருமினார். பொருமியபடியே வரிசையில் நின்றார். ஸ்கூட்டரில் இவர் உட்கார்ந்திருக்கும் அந்தப் படம்தான் இன்றைக்கு இவருடைய வாட்ஸ்அப் முகப்பு.

ஹான்லேயில் மட்டும் இருவரும் சண்டை போடவில்லை. நம் காவலூர் தொலைநோக்கியை நடத்தும் அதே பெங்களூர் வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் அங்கே மலைமேல் இருக்கிறது. 2022-லிருந்து அந்த வட்டாரமே இருள் வானக் காப்பகம். வெளிச்சம் கசியாமல் ஜன்னலுக்குக் கனத்த திரை போடுகிறார்கள், ஊர்ப் பெண்களே பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டுகிறார்கள். எங்களுக்குக் காட்டிய பெண் தொலைநோக்கியைச் சனி கிரகத்துக்குத் திருப்பினாள். வளையம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. இவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தாறுல எங்க நின்னாலும் இப்படித்தான் இருட்டா இருக்கும்" என்றார். அவ்வளவு இருட்டில் அவள் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. அவள் பிறந்தே இருக்க மாட்டாள்.

ஊருக்கு வந்தபின் அடுத்த திட்டம். ஷிங்கு லா கணவாய்க்குக் கீழேயும் சுரங்கம் குடைய அந்த ஜூலையில்தான் வேலை தொடங்கியிருக்கிறார்கள். அது முடிவதற்குள் மேல் ரோட்டிலேயே ஸன்ஸ்காருக்குப் போய்விட வேண்டுமாம், அப்புறம் போனால் கணக்கில்லையாம். வருகிறேன் என்றேன். கூடாரம் எங்கே என்று நான் சொல்வேன். அரிசி களைவதிலிருந்து குக்கர் கழுவுவதுவரை அவர் பொறுப்பு. யோசித்து ஒப்புக்கொண்டார்.

மறுநாள் லிஃப்ட்டுக்காகக் காத்திருந்த மேல் வீட்டுக்காரரிடம் இவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "தொண்ணூத்தாறுலயும் சமையல் பூரா நான்தாங்க."