மழைக்கு வாடகை

வாங்க தம்பி, திண்ணையில உக்காருங்க. கையில பெருநகரத் திட்ட மேப்பு இருக்குது, பேனா இருக்குது, "ஊர் மக்களின் விருப்பம் என்ன?"ன்னு அச்சடிச்ச தாளும் இருக்குது. பதில் எழுத ஒன்றரை வரி இடம் விட்டிருக்கீங்க. தாராள மனசு.

பட்டணம் வளருதுன்னு எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். கொசஸ்தலை ஆத்தோரம் நாங்க நின்ன எடத்துலயேதான் நிக்கறோம்; சென்னைதான் நடந்து வருது. பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரா இருந்தது. 2022-ல ஒரு அரசாணை, 5,904 ஆயிடுச்சு. கிராமத்தானா படுத்தவன் பெருநகரவாசியா எழுந்தான். பஸ்ஸு மட்டும் இன்னும் பழைய நேரத்துக்குக் கூட வரமாட்டேங்குது.

விருப்பம் கேட்டீங்களே, சொல்றேன். இந்த ஊர்ல மூணு விதமான ஆளுங்க இருக்காங்க. கதிரைப் பார்த்தா பூரிக்கிற விவசாயி ஒருத்தன். கிரவுண்டு என்ன விலைன்னு விசாரிக்கிற மனை வியாபாரி ஒருத்தன். "ஏரியைக் காப்பாத்துங்க"ன்னு கூவுற ஆர்வலன் ஒருத்தன். மூணு பேரும் நான்தான். காலையில விவசாயி, நடவு ஆளுக்குக் கூலி எண்ணும்போது வியாபாரி, போர்வெல்ல தண்ணி எறங்கிட்டா ஆர்வலன். இதுல எந்த ஆளோட விருப்பத்தை எழுதிக்கப் போறீங்க?

நீர்ப்பிடிப்புப் பகுதின்னு கோடு போட்டுத் தடை பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனைக்கறீங்க. செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்புக்கு சி.எம்.டி.ஏ. பிளான்ல கட்டுப்பாடு ரொம்ப நாளா இருக்குது. வேணுந்தான், தப்பு சொல்லலை. ஆனா சட்டத்தை மதிக்கிறவன் மகனுக்கு வீடு கட்ட ஆபீஸ் ஆபீஸா அலைவான். மதிக்காதவன் கல்லு நட்டு, கொடி கட்டி, மனையை வித்துட்டுப் போயிடுவான். தமிழ்நாடு பூரா அப்ரூவல் இல்லாத மனை பெருகிப் போய், அதையெல்லாம் வரன்முறைப்படுத்த 2017-ல விதியே போட்டீங்களே! காத்திருந்தவனுக்கு நோட்டீசு, முந்திக்கிட்டவனுக்கு மன்னிப்பு. இதைப் பார்த்து எங்க ஊர்ப் பசங்க நல்லாவே பாடம் படிச்சிருக்கானுங்க.

சரி, பட்டணத்துக்காரங்களுக்கு ஏரின்னா பாசம் இல்லாமலா? 1920-கள்ல மாம்பலம் ஏரியைத் தூர்த்து தியாகராய நகரைக் கட்டினாங்க. மேற்கு மாம்பலத்துல இன்னைக்கும் லேக் வியூ ரோடு இருக்குது. ரோடு நெடுக நடந்து பாருங்க, எத்தனை கண்ணாடி போட்டாலும் ஏரி தெரியாது. தண்ணிக்கு இவ்வளவு தூரம் வந்து எங்க ஆத்தை மறிக்க வேண்டியதாப் போச்சு. 1944-ல பூண்டியில அணை கட்டி முடிச்சாங்க.

இப்போ ஒரு கணக்குக்கு வாங்க. 2019-ல குடிநீர் ஏரியெல்லாம் வத்தி, ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி கொண்டாந்தீங்க. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். வாழைமரம் கட்டி, பூ தூவி வரவேத்தீங்க. சென்னைப் பக்கம் வருஷத்துக்குச் சராசரி 140 சென்டிமீட்டர் மழை. அதை ஒரு ஏக்கர் நெலத்துல அளந்து பாருங்க, 56 லட்சம் லிட்டர் வரும். ரெண்டு ரயிலுக்கு மேல! எல்லாமே ஏரிக்குப் போயிடாது. பயிர் குடிக்கும், வெயில் குடிக்கும். மிச்சம் நெலத்துல எறங்கும், வரத்துக்கால்ல ஓடும். அதே ஏக்கர்ல சிமெண்டு பூசினா, பெய்யற மழை அடுத்தவன் வீட்டு வாசல்ல போய் நிக்கும். ரயிலுக்குப் பூ தூவினீங்க. இந்த நெலத்துக்கு ஒரு கும்பிடு போட்டீங்களா?

பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கம் விவசாயிங்க கிணத்துத் தண்ணியைக் காசு கொடுத்து வாங்கினீங்க. நெல்லு போடறதைவிட மோட்டார் போடறது லாபம்னு பல பேர் கண்டுக்கிட்டாங்க. அதாவது தம்பி, தண்ணியை மேலே ஏத்தறவனுக்குக் கூலி உண்டு. கீழே எறக்கறவனுக்குக் காலணா கிடையாது. கறவைக்குக் காசு, தீவனத்துக்கு இல்லைன்னா மாடு எத்தனை நாளைக்கு நிக்கும்?

என் பேத்தி படிச்சுட்டு வந்து சொன்னா. நியூயார்க்குக்குத் தண்ணி கேட்ஸ்கில் மலைப் பக்கத்துலேருந்து வருதாம். பெரிய சுத்திகரிப்பு ஆலை கட்டறதைவிட, மேல இருக்கற ஊருங்களுக்குச் செலவு பண்றது மலிவுன்னு கணக்குப் பார்த்து, 1997-ல ஒப்பந்தம் போட்டாங்களாம். விக்க மனசுள்ளவன்கிட்ட மட்டும் நெலம் வாங்கினாங்க. மாட்டுப் பண்ணைச் சாணி ஓடையில கலக்காம இருக்கவும், ஊர்க் கழிவுநீருக்கும் நகரமே பணம் போட்டுச்சாம். அமெரிக்காக்காரன் நல்லவன்னு நான் சொல்லலை. கணக்குத் தெரிஞ்சவன்னு சொல்றேன்.

அதனால என் ஒன்றரை வரியைக் கொஞ்சம் இழுத்து எழுதிக்கோங்க. மேப்புல ரோட்டை அப்புறம் கீறலாம். புல வரைபடத்துல இருக்கற ஓடை, வரத்துக்கால், கலங்கல், உபரித் தண்ணி போற வழியை முதல்ல கீறுங்க. அதுமேல மந்திரி மச்சானானாலும் கட்டக் கூடாது, என் மகனானாலும் கட்டக் கூடாது. நத்தத்துல வீடு கட்டறவனை அலைய விடாதீங்க. அவன் கழிவுநீருக்கு வழி பண்ணுங்க. பட்டணம் வளரணும்னா ரயிலும் மெட்ரோவும் ஓடற எடத்துல மாடி மேல மாடியா வளரட்டும். நெலத்தை நெலமாவே வெச்சிருக்கறவனுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை கொடுங்க. குடிக்கிறவன் தண்ணி பில்லுல அதுக்கு ஒரு வரி சேர்த்துக்கலாம்.

கொடுத்தா, எனக்குள்ள இருக்கற வியாபாரி வாயை மூடிக்குவான். அவன் காசு எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கிறவன்தான். கொடுக்கலைன்னா விவசாயி எத்தனை நாளைக்கு அவனைச் சமாளிப்பான்?

இலவசமாக் கொடுத்தா மதிப்பு இருக்காதுங்கறதால, வர்ற ஐப்பசியிலேருந்து மழைக்கு நாங்களே பில்லு போடலாம்னு இருக்கோம். புஸ்தகம் அச்சடிக்கக் கொடுத்தாச்சு. மழைக்கு ஜி.எஸ்.டி. எத்தனை பர்சன்ட்டுன்னு மட்டும் ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க தம்பி.